அளவறிந்த இசை

நுழையும்முன்

இசை இன்று எங்கும் ஒலிக்கிறது. அமர்ந்து கேட்கும் வழக்கமோ அருகிவருகிறது. கையிலுள்ள திறன்பேசி பல்லாயிரம் பாடல்களைத் தருகிறது. அவை இயர்போன் வழியே ஒருவர் செவிக்குள் நுழைந்து அங்கேயே முடிகின்றன. மறுபுறம், மண்டபங்களிலும் விழாப் பந்தல்களிலும் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் பேரொலி. இவ்விரண்டிற்கும் நடுவே, வீட்டுக் கூடத்தில் அனைவரும் அன்றாடம் கேட்டு மகிழத்தக்க சிறியதொரு ஸ்டீரியோ அமைப்பு இருக்கிறது. அதனை உருவாக்கப் பெரும்பொருளைவிட அளவறிவே தேவை என்னும் கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

கருவியும் களமும்

நாகசுரமும் தவிலும் திறந்த வெளிக்கு உரியவை. தேர் அசைந்து வரும் வீதியில், திரண்டு நிற்கும் மக்களைக் கடந்து கடைசி வீட்டுத் திண்ணைவரை சென்று சேரும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. வீணையோ அருகமர்ந்து கேட்பதற்குரியது. விரல் நரம்பின்மீது வழுக்கிச் செல்லும் மெல்லொலிகூடக் கேட்பவர் செவியில் விழுந்தால்தான் அதன் நுட்பம் புலப்படும். வீதிக்குரிய கருவியைச் சிற்றறைக்குள் முழங்கவிட்டால் இனிமை இரைச்சலாகும். அறைக்குரிய கருவியைத் தேரடியில் மீட்டினால் அது காற்றில் கரைந்துபோகும். ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு களம் உண்டு என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

அந்த அறிவு, மின்கருவி விற்கும் கடையின் வாயிலிலேயே கைவிடப்படுகிறது. கடைக்குள் நுழைபவர் கேட்கும் முதல் வினா, "எத்தனை வாட்?" என்பதாகவே இருக்கிறது. வீட்டுக்கூடம் எத்தனை அடி, எத்தனைபேர் கேட்பர், எத்தகைய இசையைக் கேட்பர், நாள்தோறும் எவ்வளவு உரக்கக் கேட்பர் என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. ஊர்த்திருவிழாவுக்குப் பொருந்தும் கருவியைப் பத்தடி அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான்கு நாள் முழக்கியபின் துணிபோட்டு மூடிவைக்கும் வீடுகள் பல. வாங்கிய பொருளில் குறையில்லை. களத்தை அளக்காததே குறை.

இரு செவி, இரு பெட்டி

எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலிவரைவியைக் கண்டறிந்ததிலிருந்து, பதிவுசெய்யப்பட்ட இசை நெடுங்காலம் ஒரே துளையின் வழியாகவே கேட்கப்பட்டது. பாடகரும் பக்கஇசைக் கலைஞரும் ஒரே புள்ளியில் நெருக்கியடித்து நிற்பதுபோன்ற ஒலி அது. இந்நிலையை மாற்ற வழிகண்டவர் ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். திரையரங்கில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையின் ஒரு மூலையில் நடிகர் நடக்க, அவர் குரல் வேறோர் இடத்திலிருந்து வருவதை அவர் தம் மனைவியிடம் சுட்டிக்காட்டினார் என்றும், அதனைச் சரிசெய்யும் வழி தம்மிடம் இருப்பதாகக் கூறினார் என்றும் அவரைப் பற்றிய வரலாறு கூறுகிறது. 1931 டிசம்பரில் அவர் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1942இல், ரேடார் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்த வானூர்தி வீழ்ந்து அவர் உயிரிழந்தபோது அவருக்கு அகவை 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்ததோ 1950களின் பிற்பகுதியில். ஒரே பள்ளத்தின் இரு சரிவுகளில் இரு ஒலித்தடங்களைச் செதுக்கும் அவரது முறையே அவ்விசைத்தட்டுகளுக்கு அடிப்படையாயிற்று.

புளூம்லைனின் சிந்தனை மனித உடலமைப்பிலிருந்து பிறந்தது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. வலப்பக்கம் எழும் ஓசை, வலச்செவியை அடைந்தபின் இடச்செவியை அடைய எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. மேலும், தலை இடையே நிற்பதால் உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகள் மறுசெவியை மெலிந்தே அடைகின்றன. இந்நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே, கண்ணை மூடியிருப்பவரும் ஓசை வரும் திசையைச் சுட்டிவிடுகிறார். இடைவெளிவிட்டு வைக்கப்பட்ட இரண்டு ஒலிபெருக்கிகள், செவியின் இத்திறனைப் பயன்படுத்திக்கொள்கின்றன. இரண்டிற்கும் நடுவே, எந்தப் பெட்டியும் இல்லாத வெற்றிடத்தில், பாடுபவர் அமர்ந்திருப்பதுபோன்ற உணர்வு எழுகிறது. வயலின் ஒருபுறம், மிருதங்கம் மறுபுறம் என ஒலிகள் தத்தம் இடத்தில் அமர்கின்றன, ஒன்றையொன்று மறைப்பதில்லை. அதனால், ஒலியின் அளவைக் கூட்டாமலேயே தெளிவு கூடுகிறது.

புளூடூத் வழியே இயங்கும் ஒற்றைப் பெட்டியால் இத்தகைய விரிவைத் தர இயலாது. அதனுள் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தாலும் அவற்றுக்கிடையே உள்ள தொலைவு ஒரு சாண் அளவே. சமையலறையில் செய்தி கேட்பதற்கும், படிப்பு மேசையில் மெல்லிய இசை ஒலிப்பதற்கும் அதுவே போதும். அதனைக் குறைகூற வேண்டியதில்லை. கூடத்தில் அமர்ந்து ஒரு கச்சேரியைக் கேட்க விரும்புவோர்க்கு மட்டும் அது போதாது. பழைய தமிழ்த் திரையிசைப் பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத்தடப் பதிவுகளே. அவற்றுக்கு இரண்டு பெட்டி எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒலி இரு பெட்டிகளிலிருந்தும் சமமாக வரும்போது, அது நடுவில் திரண்டு நிற்கிறது. பாடகர் எதிரே அமர்ந்து பாடுவதுபோலவே அப்போதும் தோன்றும்.

சிறிய பெட்டியின் வலிமை

ஆளுயரப் பெட்டிகளே நல்லிசை தரும் என்னும் எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. 1950களின் தொடக்கம்வரை அதில் பேருண்மை இருந்தது. ஆழ்ந்த தாழொலியைப் பெறக் குளிர்பதனப் பெட்டியளவு மரப்பெட்டி தேவைப்பட்டது. அந்நிலையை 1954இல் மாற்றியவர் எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்க ஆசிரியர். ஒலிபெருக்கியின் கூம்பை இழுத்துப்பிடிக்கத் துணியாலும் காகிதத்தாலுமான விறைத்த தாங்கிகள் அக்காலத்தில் பயன்பட்டன. வில்ச்சர் கூம்பைத் தளர்வாக அமைத்து, பெட்டியைக் காற்றுப்புகாமல் மூடினார். உள்ளே அடைபட்ட காற்றே வில்சுருள்போல் இயங்கிக் கூம்பை நிலைக்கு மீட்டது. காற்றின் மீள்தன்மை சீரானது. ஆகவே பெட்டி பன்மடங்கு சுருங்கியும் தாழொலி தூய்மையாக ஒலித்தது. அவர் தொடங்கிய நிறுவனம், நரம்பிசைக் கலைஞர் நால்வரை மேடையில் அமர்த்தி, இடையிடையே அவர்கள் வாசிப்பதுபோல் பாவனை மட்டும் செய்ய, பதிவிசையை ஒலிக்கவிட்டுக் காட்டியது. எங்கே கலைஞர் நிறுத்தினர், எங்கே பெட்டி தொடர்ந்தது என்பதை அவையோரில் பலரால் கண்டறிய இயலவில்லை.

1970களில் இங்கிலாந்தின் பிபிசி ஒலிபரப்பு நிறுவனப் பொறியாளர்களும் இதே சிக்கலை வேறொரு வழியில் சந்தித்தனர். வெளியிடங்களுக்குச் சென்று ஒலிபரப்பும் ஊர்திகளுக்குள் பெரிய பெட்டிகளை வைக்க இடமில்லை. எனவே, ஏறத்தாழ 30 செ.மீ. உயரமும் 19 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு சிறுபெட்டியை அவர்கள் வடிவமைத்தனர். அது மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தருவதில்லை, பேரொலியும் எழுப்புவதில்லை. ஆனால், பேசும் மனிதரின் குரல் அதில் இயல்பாக ஒலித்தது. பணியிடத்திற்கென உருவான அப்பெட்டியை இசை கேட்போர் தங்கள் இல்லங்களுக்குத் தேடி வாங்கினர். அரை நூற்றாண்டு கடந்தும் அதன் பெயர் மதிப்புடன் சொல்லப்படுகிறது.

இவ்வெடுத்துக்காட்டுகள் உணர்த்தும் பாடம் எளியது. சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழொலி, குறைந்த மின்திறனில் உரத்த ஒலி ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்ப்பதில்லை. இவற்றுள் இரண்டைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 3.4 சென்டிமீட்டர்தான். ஒலியளவு மாறாமல் அதிர்வெண்ணைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால், கூம்பு நான்கு மடங்கு தொலைவு முன்னும் பின்னும் அசைய வேண்டும். சிறு கூம்பால் அவ்வளவு அசைய முடியாது. ஆயினும் எதை விட்டுக்கொடுப்பது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கேட்பவரிடம் இருக்கிறது. பேசும் குரலின் அடிப்படை அதிர்வெண் ஆடவர்க்கு ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலிருந்தும், மகளிர்க்கு 165 ஹெர்ட்ஸிலிருந்தும் தொடங்குகிறது. மனிதர் செவி 20 ஹெர்ட்ஸ்வரை உணரவல்லது என்றாலும், பாட்டும் வீணையும் குழலும் வாழும் பரப்பு அதற்கு மிக மேலே இருக்கிறது. அப்பரப்பைச் செம்மையாகத் தரும் சிறுபெட்டி, அடிவயிற்றை அதிரவைத்துக் குரலைக் குழப்பும் பெரும்பெட்டியினும் சிறந்தது.

எண்களைச் சோதித்தல்

ஒலிக்கருவிகளின் அட்டைப்பெட்டிகளில் ஆயிரக்கணக்கான வாட் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அருகில் 'பி.எம்.பி.ஓ' என்னும் எழுத்துகள் இருக்கும். இமைப்பொழுதில் எழக்கூடும் எனக் கருதப்படும் உச்சத்தைக் குறிக்கும் அவ்வெண்ணை அளக்கப் பொதுவான முறை எதுவும் இல்லை. அதே கருவியின் பின்புறத்தைப் பார்த்தால், அது மின்னிணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் திறன் 50 வாட் என்றிருக்கலாம். 50 வாட்டை உட்கொள்ளும் கருவி 5,000 வாட்டைத் தொடர்ந்து வெளியிட இயலுமா? ஆற்றல் அழிவின்மை விதியைப் பயின்ற பதினோராம் வகுப்பு மாணவர் இதற்கு விடை கூறிவிடுவார். தொடர்ந்து தரக்கூடிய சராசரித் திறனைக் குறிக்கும் 'ஆர்.எம்.எஸ்' அளவே நம்பத்தக்கது.

உண்மையில் எவ்வளவு திறன் தேவை? சிறிய ஒலிபெருக்கி ஒன்று, ஒரு வாட் திறனில் ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபல் ஒலி தருவதாகக் கொள்வோர் பின்வருமாறு கணக்கிடலாம். கேட்பவர் இரண்டு மீட்டர் தொலைவில் அமர்ந்தால் 6 டெசிபல் குறையும். பெட்டிகள் இரண்டாதலால் 3 டெசிபல் கூடும். அறைச்சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலி இன்னும் சிறிது சேர்க்கும். ஆகப் பெட்டிக்கு ஒரு வாட் செலவில் 80 டெசிபலுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. குடும்பத்தார் பேசிக்கொண்டே கேட்கும் அன்றாட இசைக்கு இதுவே மிகை. மிருதங்கத்தின் திடீர் முழக்கம்போன்ற உச்சங்களுக்குப் பத்து மடங்கு, இருபது மடங்கு இருப்பு வேண்டும். எனவே பெட்டிக்கு 20 முதல் 30 வாட் தரும் நேர்மையான மின்பெருக்கி ஒன்று சிறிய கூடத்திற்குப் போதுமானது. திறனை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல் மட்டுமே கூடும். ஒலி இருமடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் வேண்டும். கூடுதல் வாட்டுக்குக் கொடுக்கும் பணம் செவிக்கு எவ்வளவு குறைவாக எட்டுகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இணைப்புக் கம்பியிலும் இவ்வாறே ஏமாற்றம் நிகழ்கிறது. பொன்முலாம், தனிச்சிறப்பு உலோகம் என்று விலையேற்றி விற்கப்படும் கம்பிகள் பல. வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை மூன்று மீட்டர் நீளத்திற்கு இழுத்தால், சென்றுவரும் பாதை முழுவதற்கும் மின்தடை 0.07 ஓம் அளவே. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு முன் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கம்பிக்கு எண்ணிச் செலவிடும் பணத்தைப் பெட்டிக்கு ஒதுக்குவதே அறிவுடைமை. கையிலுள்ள பொருளைப் பத்துப் பங்காக்கினால் ஆறு பங்கை ஒலிபெருக்கிகளுக்கும், மூன்று பங்கை மின்பெருக்கிக்கும், எஞ்சிய ஒன்றைக் கம்பிக்கும் தாங்கிகளுக்கும் வைப்பது பொருத்தமான பங்கீடு. பாடலை வழங்கும் கருவிக்குத் தனியே செலவிட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள திறன்பேசியோ பழைய கணினியோ போதும். குறுந்தகடு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிவுசெய்கிறது. மனிதச் செவியின் மேலெல்லையான 20,000 ஹெர்ட்ஸ்வரை அதில் அடங்கிவிடுகிறது. அதற்கு மேற்பட்ட எண்களைக் காட்டி விற்கப்படுபவற்றைவிட, நல்ல கலைஞரின் நல்ல பதிவைத் தேடிக் கண்டடைவது பயன்தரும்.

அறையும் ஓர் இசைக்கருவி

கருவிகளைத் தேர்ந்தபின்னும் ஒரு பெரும்பகுதி எஞ்சி நிற்கிறது. அது அறை. சிலப்பதிகார அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவுகளைத் துல்லியமாகக் கூறுகிறது. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக அவ்வரங்கு அமைந்தது. தளத்திற்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் விடப்பட்டது. கலை நிகழும் இடத்தை அளந்து அமைப்பதும் கலையின் ஒரு பகுதியே என்று கருதிய மரபு அது.

அறைக்கும் ஒலிக்கும் உள்ள உறவை அறிவியல் முறையில் அளந்தவர் வாலஸ் சாபின். 1895இல், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரைக் கூடமொன்றில் பேசுவது எவர்க்கும் விளங்கவில்லை. ஒரு சொல் எழுந்து அடங்க ஐந்து நொடிக்கு மேலாயிற்று; அதற்குள் அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் விழுந்து குழம்பின. இளம் ஆசிரியரான சாபினிடம் இச்சிக்கல் ஒப்படைக்கப்பட்டது. ஊர் உறங்கும் இரவுகளில், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் எதிரொலி எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்பதை அவர் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் உரிய இடத்திற்குத் திரும்பியாக வேண்டும். அவ்விரவுகளில்தான் கட்டட ஒலியியல் என்னும் துறை பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கு அவரது கணக்கீட்டின்படி அமைந்தது.

இன்றைய வீடுகளின் கூடங்களில் சிமெண்டுச் சுவர், பளபளக்கும் தரைக்கல், கண்ணாடிச் சன்னல் ஆகியன ஒலியைத் திருப்பியடிக்கின்றன. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால், தட்டிய ஒலியின்பின் ஒரு சிலிர்ப்போசை தொடர்வதைக் கேட்கலாம். பாடலின் ஒவ்வோர் எழுத்தின் பின்னும் அவ்வோசை ஒட்டிக்கொள்கிறது. இதற்கு மருந்து விலைமிக்க ஒலிபெருக்கியில் இல்லை. தரையில் ஒரு சமுக்காளம், சன்னலில் கனத்த திரைச்சீலை, பின்சுவரில் ஒழுங்கின்றி அடுக்கிய புத்தக அலமாரி ஆகிய மூன்றும் பெருமளவு பணிசெய்யும். தாழொலிக்கு அதிர்ந்து முனகும் இரும்பு அலமாரியின் கதவிடுக்கில் மடித்த துணித்துண்டு ஒன்றைச் செருகினால் அது அமைதியாகிவிடும்.

இடமறிந்து வைத்தல்

பல வீடுகளில் ஒலிபெருக்கிகள் வைக்கப்படும் இடத்தை இசை தீர்மானிப்பதில்லை. எஞ்சியிருக்கும் இடமே தீர்மானிக்கிறது. ஒன்று பரண்மீதும் மற்றொன்று சன்னலோரத் தரையிலும் இருக்கும். அவ்வாறு வைத்துவிட்டு ஒலி நன்றாக இல்லை என்று வருந்துவது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் அணிந்துகொண்டு எழுத்து தெரியவில்லை என்பதற்கு ஒப்பாகும்.

பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட கூடத்தைக் கொள்க. இரு பெட்டிகளுக்கும் இடையே ஆறடி; அமர்பவருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் இடையே ஆறடி. மூன்று பக்கமும் ஒத்த முக்கோணம் இது. உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் எனப்படும் சிறுகூம்பு, அமர்ந்திருப்பவரின் செவிமட்டத்தில் இருத்தல் வேண்டும்; உறுதியான இரண்டு மர முக்காலிகள் இதற்குப் போதும். அறை மூலையில் பெட்டியை ஒட்டிவைத்தால் தாழொலி வீங்கிக் குரலை விழுங்கும். சுவரிலிருந்து ஓரடி, ஒன்றரையடி முன்னே நகர்த்தினால் குரல் தெளியும். ஒரு விரற்கடை நகர்த்தலும் கேட்கத்தக்க மாற்றம் தருவதைப் பொறுமையுள்ளோர் கண்டறிவர்.

கம்பிகளை இணைக்கும்போது மின்பெருக்கியின் சிவப்பு முனை இரு பெட்டிகளின் சிவப்பு முனைகளுக்கே செல்லுதல் வேண்டும். ஒன்றில் மட்டும் முனை மாறினால், ஒரு கூம்பு காற்றை முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும். தாழொலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் நடுவே நில்லாமல் எங்கோ சிதறிப்போவார். பழைய பெட்டிகளை வாங்குவோர், கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையம் நொறுங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தல் நன்று. இவ்வேலைகள் எவற்றுக்கும் பணம் செலவாவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் முற்பகல் மட்டும் செலவாகும்.

குறைந்த ஒலியளவில் கேட்கும்போது தாழொலி மெலிந்து தோன்றுவதும் இயல்பே. மெல்லொலியில் மனிதச் செவி தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933இல் அளந்து காட்டினர். எனவே இரவில் மெல்லக் கேட்கும்போது தாழொலித் திருகைச் சிறிது கூட்டிக்கொள்வது பிழையன்று. ஆனால், தாழொலி சுவரையும் தளத்தையும் எளிதில் ஊடுருவும். அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், மேல்தளத்தில் உறங்கும் முதியவரும் அதற்கு இசைவு தந்தவர்கள் அல்லர் என்பதையும் கருதுதல் வேண்டும்.

செவி என்னும் செல்வம்

இயர்போன் இருக்க இவ்வளவு எதற்கு என்னும் வினா எழலாம். அது விலை குறைந்தது, எவருக்கும் இடையூறு செய்யாதது, பேருந்திலும் உடன்வருவது. ஓர் அறையில் ஐவர் வாழும் வீட்டில் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் தனிமை சிலவேளைகளில் அதுவாகவே இருக்கும். இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால், பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டும் விரல், அமைதியான அறையில் அதனைக் குறைக்க மறந்துவிடுகிறது. செவிக்குள் அடைபட்ட ஒலியின் அளவை அருகிலிருப்போர் அறிவதில்லை. ஆதலால் எச்சரிப்பாரும் இல்லை.

உட்செவியில் உள்ள நத்தை எலும்பினுள் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியை மூளைக்கு உணர்த்துவன அவையே. பேரொலியால் அழிந்த செல் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணிநேரம்வரை கேட்கலாம் என உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்துள்ளது. 90 டெசிபல் ஆனால் அவ்வெல்லை 4 மணிநேரமாகச் சுருங்குகிறது. ஒலியாற்றல் பத்து மடங்காவதால் காலம் பத்தில் ஒன்றாகிறது. உலகெங்கும் நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் செவித்திறன் இழக்கும் இடரில் இருக்கின்றனர் என்றும் அவ்வமைப்பு எச்சரித்துள்ளது. இவ்விழப்பு வலியுடன் வருவதில்லை. முதலில் பறவையொலியின் கூர்மை மங்கும். பின்னர் கூட்டத்தில் பேசுவோரின் மெய்யெழுத்துகள் மறையும். உணரும்போது காலம் கடந்திருக்கும்.

கூடத்தில் ஒலிக்கும் சிறிய அமைப்பில் இவ்விடர் முற்றிலும் இல்லை என்று கூற முடியாது. எனினும் அங்கே காவலர் பலர் உண்டு. ஒலி மிகுந்தால் அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும். வாயிலில் நிற்பவர் காதைப் பொத்துவார். திருகு தானே குறையும். தெளிவாக ஒலிக்கும் அமைப்புக்கு உரத்து ஒலிக்க வேண்டிய தேவையும் இல்லை. சொல் விளங்காதபோதுதான் மனிதர் ஒலியைக் கூட்டுகின்றனர். சிறுபெட்டியிலிருந்து தாழொலியை வரவழைத்த எட்கர் வில்ச்சர், தம் பிற்காலத்தைச் செவித்திறன் குறைந்தோருக்கான கருவி ஆய்வுக்குச் செலவிட்டார். மெல்லொலியை உயர்த்தியும் வல்லொலியைக் கட்டுப்படுத்தியும் தரும் அவரது முறை, பிற்காலச் செவித்துணைக் கருவிகளுக்கு வழிகாட்டியது. அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. எவரும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என விட்டுவிட்டார். இசையின் இன்பத்தையும் செவியின் அருமையையும் ஒருசேர அறிந்தவரின் செயல் அது.

உடனிருந்து கேட்டல்

ஒரு கூடத்தில் ஒலிக்கும் பாடலுக்கு ஒருவர் மட்டும் உரிமையாளர் ஆவதில்லை. பாட்டி கேட்க விரும்பும் பழைய பாடலைப் பேரன் பொறுத்துக்கொண்டு கேட்கிறான். நாலாம் முறை கேட்கும்போது அதன் மெட்டு அவன் உதட்டிலும் வந்து அமர்கிறது. அவன் விரும்பும் புதிய பாடலை, "இதென்ன ராகம்?" என்று தந்தை வினவுகிறார். ஒருவர் சுவை மற்றவரை எட்டுவது இவ்வாறுதான். செவிக்குள் செருகிய கருவிகளோடு நால்வர் நான்கு பாடல்களைக் கேட்டபடி ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கும்போது, இப்பரிமாற்றம் நிகழ வழியில்லை. வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த இசையறிவின் ஒரு கண்ணி அங்கே அறுபடுகிறது. விலைமதிப்பிட முடியாத இழப்பு அது.

ஆகவே, இல்லத்திற்கு ஓர் இசையமைப்பைத் தேர்வோர் முதலில் எடுக்க வேண்டியது பணப்பையன்று, அளவுநாடா. கூடத்தை அளந்து, கேட்போரை எண்ணி, அண்டை வீட்டாரை நினைந்து, தம் செவியின் எல்லையை உணர்ந்து தேர்ந்த இரண்டு சிறிய பெட்டிகள் பல்லாண்டு துணைநிற்கும். அவற்றினும் பெரியனவும் விலைமிக்கனவும் ஆண்டுதோறும் கடைக்கு வந்துகொண்டே இருக்கும். அளவறிந்தவருக்கு அவற்றைக் கண்டு ஏங்கும் வேலையில்லை. மாலையில் விளக்கேற்றியபின் கூடத்தில் நால்வர் அமர்ந்து, பேச்சைச் சிறிது நிறுத்தி, ஒரு பாடலை முழுதாகக் கேட்டு முடிக்கும் வீட்டில் இசை நிறைவாக வாழ்கிறது.